நாலாவது சீட்டு

முதலாவது, எழுபத்து நான்காம் வருடம் ஆடி மாதம், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்ற மருதாத்தாளுக்குக் கண் பார்வை மங்கல் என்று மஞ்சள் சீட்டு எழுதி மில்லை விட்டு வெளியே அனுப்பினார்கள். அவள் சங்கத்தில் சேர்ந்து அன்றைக்குப் பதினெட்டாவது நாள். அதற்குப் பிறகு இருபது வருடம் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்துத் தையல் தைத்துப் பிழைத்தாள். இரண்டாவது, எழுபத்தாறு தை மாதம், பஞ்சு உடைக்கிற இடத்தில் முகத்துக்குக் கட்டத் துணி கேட்ட கருப்பண்ணனுக்குக் காசம் என்று மஞ்சள் சீட்டு. வெளியே போய்ப் படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் ஒரு புள்ளி கிடையாது. மூன்றாவது, எழுபத்தொன்பது ஐப்பசி, வேலைநிறுத்த நோட்டீஸில் முதல் கையெழுத்துப் போட்ட ஆறுக்குட்டிக்குக் காக்காய் வலிப்பு என்று மஞ்சள் சீட்டு. அவன் விழுந்து துடித்ததைப் பார்த்த ஆள் மில்லுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. மூன்றுக்கும் தேதி உண்டு, சாட்சி உண்டு, அச்சடித்த நோட்டீஸ் உண்டு. எந்த மேடையில் எழுப்பி விட்டாலும் தண்ணீர் குடிக்காமல் சொல்லலாம். நான்காவது, எண்பத்தொன்று மாசி.

மாசி என்று மனசுக்குள் சொன்னதும் வெள்ளிங்கிரிக்கு நாக்கு வறண்டது. எழுபத்திரண்டு வயதில் நாக்கு வறள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, காலையில் போட்ட பிரஷர் மாத்திரையே போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மடியிலிருந்த தாளைப் பார்த்தார். பெரியாஸ்பத்திரி, இதயப் பிரிவு, வராந்தாவின் கடைசி பெஞ்சு, சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். தாளில் யாரும் அநியாயங்களைக் கேட்கவில்லை. சாவுகளைக் கேட்டிருந்தார்கள். குடும்பத்தில் நாற்பது வயதுக்கு முன் திடீரென இறந்தவர்கள்: வரிசை எண், பெயர், உறவு, வயது, இறந்த விதம், முன்பே அறிகுறி இருந்ததா, மருத்துவர் யாராவது எச்சரித்தாரா. ஏழு கட்டம். முத்தான கேள்விகள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எழுதிய இருநூற்றுச் சொச்சம் நோட்டீஸில் ஒன்றில்கூட ஆறே கேள்வியில் ஒரு ஆளை இப்படி மூலையில் நிறுத்தியதில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போனவர் அவர். எழுத்து கற்றதெல்லாம் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து. எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியமே தொழிலாளத் தோழர்களே என்பதுதான். அதனால் எதை எழுதினாலும் முதலாவது, இரண்டாவது என்றுதான் கை போகும், வரிசை தப்பாது. இன்றைக்குத்தான் தப்பியிருந்தது. இரண்டாவது வரிசையை முதலில் நிரப்பி வைத்திருந்தார். செங்கதிர், மகன், இருபத்தேழு, பொங்கலன்று வாலிபால் விளையாடும்போது விழுந்து. பதின்மூன்று வருடத்தில் அதை எழுதக் கை பழகிவிட்டது. அதற்கு மேலே, வரிசை எண் ஒன்று, மற்ற ஆறு கட்டமும் வெள்ளையாகக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் எழுதித் தரச் சொல்லியிருந்தாள் டாக்டர் ரெஹானா. அதற்குப் பிறகு அவளுக்கு வார்டு.

எதிர்க் கதவுக்குப் பின்னால் இசைவாணிக்கு எக்கோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்கதிரின் மகள், பதினாறு வயது. மூன்று வாரத்துக்கு முன் மாவட்டக் கோகோப் போட்டியில், குந்தியிருந்தவள் எழுந்து நாலு எட்டு ஓடி, கம்பத்தைத் தொடுவதற்கு முன்னால் பொத்தென்று விழுந்தாள். மற்ற பிள்ளைகள் தண்ணீர் தெளிக்க ஓடியபோது, பி.டி. டீச்சர் மட்டும் அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாளாம், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும், தன் மூச்சு வாங்கினாலும் விடாமல். அந்த அம்மா எங்கேயோ ஒரு நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது. ஒரு நாள் பயிற்சி. வெள்ளிங்கிரி ஒரு நாள் பயிற்சி முகாம்கள் எத்தனையோ நடத்தியிருக்கிறார், தடியடியின்போது தலையை எப்படி மறைத்துக்கொள்வது என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நின்றுபோன நெஞ்சை அமுக்கினால் ஓடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் யாருக்கும் சொல்லவில்லை. குழந்தையின் இதயத் தசை தடித்திருக்கிறது, அது பிறவியிலேயே ரத்தத்தோடு வருவது, ஓடும்போதோ ஓடி நின்றதுமோ தாளம் தப்பி நின்றுவிடும் என்றாள் டாக்டர். மாத்திரை உண்டு. நெஞ்சுக்குள் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு, தாளம் தப்பினால் அதுவே தட்டி எழுப்பிவிடும். தெரிந்துகொண்டால் காப்பாற்றலாம் ஐயா, தெரியாமல் இருப்பதுதான் இதில் ஆபத்து என்று சொன்னாள். சொல்லிவிட்டு இசைவாணியைக் குந்தச் சொன்னாள். எழச் சொன்னாள். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுக்காமலே மறுபடி குந்தச் சொன்னாள், மறுபடி எழச் சொன்னாள். எழுந்து நிற்கும்போது சத்தம் கூடும், குந்தினால் குறையும், கேட்டாலே தெரியும் என்றாள். அப்போதுதான் வெள்ளிங்கிரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மருமகள் தமயந்தி, மாமா தண்ணி குடிக்கிறீங்ளா என்று கேட்டாள். மூன்று வாரமாகப் பேரப்பிள்ளையை நினைத்து வந்த தளர்ச்சி என்று அவள் நினைத்திருப்பாள்.

தோப்புக்கரணம். அப்படித்தான் எழுதினார். தொழிலாளியைத் தோப்புக்கரணம் போடவைத்த டாக்டர் என்று, எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு, அச்சாபீஸில் இருந்ததிலேயே பெரிய எழுத்தைத் தேடி எடுத்து. மில் டிஸ்பென்சரியில் தம்பி குருந்தாசலத்தைச் சட்டையைக் கழற்றிக் குந்தி எழ வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் கொதித்துப்போய் எழுதிய நோட்டீஸ் அது, ஒரு மணி நேரத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். என்ன நடை. இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் தொல்லை. நம் வீட்டில் சின்ன வயதில் திடீரென்று செத்தவர் உண்டா என்று கேட்கிறாராம் இந்தத் துரை, தோழர்களே, இவர் வைத்தியம் பார்க்க வந்தாரா, ஜாதகம் பார்க்க வந்தாரா? கூட்டத்தில் இதைப் படித்தபோது சிரித்த சிரிப்பு ரோட்டைத் தாண்டிக் கேட்டது. அதே கேள்வியை நாற்பத்து மூன்று வருடம் கழித்து இன்று காலை இந்தப் பெண் கேட்டாள், அதே பணிவோடு, உங்க வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு தவறியிருக்காங்களா ஐயா என்று. என் மகன் என்றார். அவருக்கு முன்னாடி என்றாள். யோசிச்சு எழுதித் தர்றனுங் டாக்டரம்மா என்று தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். யோசிக்க என்ன இருக்கிறது. கூடப் பிறந்த தம்பி செத்ததை யோசித்துத்தான் எழுத வேண்டுமா. எழுதலாம்: குருந்தாசலம், தம்பி, இருபத்தொன்று, மில் நிர்வாகத்தின் கொடுமையால். நாற்பத்து மூன்று பங்குனியிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். மில் போய் அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, பழைய வாசல் தூண் ஒன்றை மட்டும் இடிக்க விடாமல் மறியல் செய்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதில்தான் தியாகி குருந்தாசலம் என்று பெயர் வெட்டியிருக்கிறது. போன பங்குனிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அடுக்குமாடிக்காரர் ஒருவர் கார் எடுக்க வழி கேட்டார்.

அந்த மஞ்சள் சீட்டின் நிறம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. முதல் மூன்றும் பழைய டாக்டர் எழுதியவை. அந்த ஆள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பான். நாலாவதை எழுதியவர் ஞானசிகாமணி, நாசரேத்துப் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் நிர்வாகம் அவருக்கும் அதே மஞ்சள் தாளைத்தானே கொடுத்திருந்தது, மேலே வேலைக்குத் தகுதியற்றவர் என்று அச்சடித்தது, கீழே நோயின் பெயருக்கு ஒரு கோடு. அவர் அந்தக் கோட்டுக்குள் நிற்காமல் பின்பக்கமும் எழுதியிருந்தார். இதயத்தில் முரல் சத்தம் கேட்கிறது, பெரியாஸ்பத்திரியில் காட்டவும், வண்டி தள்ளுவது பளு தூக்குவது ஓடுவது கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும், உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கவும். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும் என்று எழுதியிருந்ததை வெள்ளிங்கிரி படிக்காமல் இல்லை. படித்தார். நிர்வாகம் அதைப் படிக்காது என்பதும் அவருக்குத் தெரியும். முன்பக்கத்தை மட்டும் காட்டித் தம்பியை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள், தலைவரின் தம்பியையே தூக்கிவிட்டோம் பார் என்று. அப்போது பின்பக்கத்தை எடுத்துப் பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை. உட்கார்ந்து செய்யும் வேலை கொடு என்று கேட்டிருந்தால் அதுவும் ஒரு கோரிக்கைதான், அதற்கும் வேலைநிறுத்தம் செய்திருக்கலாம். ஏன் தோன்றவில்லை. தோன்றியது. மூன்று பொய்க்குப் பிறகு நாலாவதை மெய் என்று ஒப்புக்கொண்டால் முதல் மூன்றும் மெய்யாகிவிடும் என்று தோன்றியது, அந்தக் கணக்கு அன்றைக்கு வெயில் மாதிரித் தெளிவாக இருந்தது. ஒன்பது நாள் வேலைநிறுத்தம். பத்தாம் நாள் டிஸ்பென்சரியைச் சுற்றி முந்நூறு பேர். ஞானசிகாமணி ஜன்னல் வழியாக அவரை மட்டும் கூப்பிட்டு, ஒங்க சங்கத்துக்கு நா எதிரி இல்ல, ஒங்க தம்பிங்கதுனால சொல்லுதேன், அந்தப் பய நெஞ்சுல கேக்குற சத்தம் நல்லால்ல என்றார். டாக்டரின் சட்டை அக்குளில் நனைந்திருந்தது. பயத்தில் பொய் சொல்கிறான் என்று நினைத்தார் வெள்ளிங்கிரி. பயத்தோடும் ஒரு மனுஷன் உண்மை சொல்லுவான் என்பதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இத்தனை காலம் பிடித்தது. அன்று சாயங்காலம் நிர்வாகம் பணிந்தது, சீட்டு மறுபடி கைக்கு வந்தது. வாசலில் எல்லோரும் பார்க்க நாலாகக் கிழித்தார். குருந்தாசலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மாமா, டீ."

கனகராஜ் காகிதக் கப்பை நீட்டிக்கொண்டு நின்றான். வெள்ளிங்கிரியின் தங்கை மாராத்தாளின் மகன், மினி வேன் ஓட்டுகிறவன், காலையில் மூன்று பேரையும் அவன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து தாளை எட்டிப் பார்த்தான்.

"என்னுங், இன்னும் மொத வரி முடியல? கூட்டத்துல பேசச் சொன்னா ஒரு மணி நேரம் பேசுவீங்க."

"பேசறது வேற மாப்ள. இது வெரல் நீளக் கட்டம்."

"எழுதுங், எழுதுங். ஆனா அந்த டாக்டரம்மா எங்களையெல்லாம் வரச் சொல்லுதே, அது மட்டும் எனக்குப் புடிக்கலீங். தமயந்திகிட்ட எங்கம்மாவையும் கூட்டியாங்க, எம் பையன் சபரீசனையும் கூட்டியாங்கன்னு சொல்லியிருக்குது. திங்கக்கிழமை அவனுக்கு மிலிட்டிரிக்கு ஆள் எடுக்கறாங்க. ஒரு வருசமா ஓடறான். இன்னிக்கும் வெடியால அஞ்சு மணிக்குப் போய்ட்டான்."

"ஒரு எக்கோ எடுத்தா என்ன, அர நாள் சோலி."

"நீங்களா இதைச் சொல்றீங்க?" கனகராஜ் சிரித்தான். "நெஞ்சுல கோளாறுன்னு ஒரு சீட்டு எழுதிட்டாங்கன்னா மிலிட்டிரிக்காரன் வாசல்லயே திருப்பி அனுப்பிச்சிருவான். மஞ்சச் சீட்டுக் கதை நீங்க சொல்லித்தானுங் மாமா எங்களுக்குத் தெரியும். சின்னதுல இருந்து கேட்டு வளர்ந்தவன் நான்."

வெள்ளிங்கிரி டீயை உறிஞ்சினார். சர்க்கரை அதிகம். "அவனுக்கு ஓடறப்ப தலைகிலை சுத்துதா?"

"போன மாசம் ஒருக்கா கண்ணு இருட்டிட்டு வந்துதுன்னான். வெறும் வயித்துல ஓடுனா வராதுங்களா?" என்றான் கனகராஜ். "செங்கதிருக்கு இருந்துச்சுன்னா அது அத்தை வழியா வந்திருக்கும். எங்க பக்கம் யாருக்கும் நெஞ்சு நோவுன்னு கேட்டதில்லீங். குருந்தாசல மாமாவை மில்லுக்காரன் கொன்னான். ஊருக்கே தெரியும், தூணுலயே வெட்டியிருக்குது."

போன் அடித்தது. வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சொல்லி யாரோ கூப்பிட, அவன் எழுந்து போனான்.

டாக்டரும் அதைத்தான் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். உங்க மகன் மட்டும்னா அது அவங்க அம்மா வழியாவும் வந்திருக்கலாம், உங்க கூடப் பிறந்தவங்க வழியில அவசரம் இல்ல. உங்க தலைமுறையில யாராவது ஒருத்தர்னா, அந்த வழியில இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் உடனே பார்க்கணும். அவருடைய நெஞ்சிலும் குளிர்ந்த பசையைத் தடவிப் பார்த்தார்கள். தடிப்பு இருக்கிறது, ஆனால் இருபது வருடப் பிரஷருக்கும் இப்படித் தடிக்கும், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கலாம், முடிவு வர மூன்று மாதம். மூன்று மாதம் எங்கே, திங்கட்கிழமை எங்கே. நடுவில் இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். அதில் மில் என்று எழுதினால் சபரீசன் ஓடுவான். ஓடி ஜெயித்தாலும் ஜெயிப்பான், எத்தனையோ பேருக்கு இருந்தும் எதுவும் ஆகாமல் எண்பது வயது வரை வாழ்கிறார்களாம். இந்த நெஞ்சோடு தானே எத்தனை ஊர்வலம் போயிருக்கிறோம், எத்தனை தடியடியில் ஓடியிருக்கிறோம். இது ஒரு நெஞ்சை விட்டுவிட்டு இன்னொரு நெஞ்சில் போய் உட்காருமாம், பெற்ற பிள்ளைகளில் சரிபாதி. தம்பியை எடுத்துக்கொண்டு அண்ணனை விட்டது, மகனை எடுத்துக்கொண்டது, பேத்தியை எடுக்கப் பார்த்துப் பி.டி. டீச்சரிடம் தோற்றது. எதிரி என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு அலுவலகம் இருக்கும், வாசல் இருக்கும், வாசலில் உட்காரலாம். இதற்கு வாசல் எங்கே இருக்கிறது. தன் நெஞ்சுக்கு முன்னால் தானே போய் உட்கார வேண்டியதுதான்.

களைப்பாக இருந்தது. படி ஏறிய களைப்பு இல்லை. ஒரே சுமையை ஒரே தோளில் வைத்திருந்து, அதைச் சுமை என்றே தெரியாமல் தோள் என்று நினைத்திருந்த களைப்பு. செங்கதிர் விழுந்த அன்று அது ஒருமுறை அசைந்தது. வாலிபால் வலைக்குக் கீழே கிடந்த மகனைப் பார்த்தபோது, முகம் அப்படியே, வாய் லேசாகத் திறந்து, குருந்தாசலம் மில்லில் நூல்கண்டு ஏற்றித் தள்ளுகிற பாபின் வண்டிப் பக்கத்தில் கிடந்த மாதிரியே. இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. ஒரு விநாடி. அடுத்த விநாடி அவர் எழுந்து நின்று, மகன் வேலை பார்த்த ஃபவுண்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் நோட்டீஸ் வந்துவிட்டது. அன்றைக்கு இசைவாணிக்கு மூன்று வயது, பாட்டிலில் பால் குடித்துக்கொண்டு தமயந்தியின் இடுப்பில் இருந்தாள். அன்று அந்த ஒரு விநாடியை நிறுத்திப் பிடித்திருந்தால் பதின்மூன்று வருடம் கிடைத்திருக்கும். மருமகள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள். கத்தமாட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விடுவாள், அது போதும். மாராத்தாள் என்ன சொல்வாள். ஒவ்வொரு பங்குனிக்கும் தூணுக்கு மாலை கட்டிக்கொண்டு வருகிறவள் அவள்தான், அரளியும் செவ்வந்தியும், அவள் கையாலேயே கட்டியது. தியாகியின் தங்கை என்று அவளை மேடையில் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியையும் பிடுங்க வேண்டும்.

ஆனால் மில்லுக்காரன் தப்பித்துக்கொள்ளலாமா. இதை மட்டும் விட முடியவில்லை, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நினைப்பு திரும்பத் திரும்ப அங்கேயே போனது. மூன்று பொய் எழுதினவன் யார். மெய்க்கும் பொய்க்கும் ஒரே நிறத்தில் தாள் அடித்தவன் யார். நாலாவதை யாரும் நம்பாமல் போனதற்கு முதல் மூன்றும்தான் காரணம், இது நீதிமன்றத்தில் நிற்கும் வாதம். நிற்கும். இறந்த விதம் என்ற கட்டத்தில் நிற்காது. அங்கே இரண்டு சொல்லுக்குத்தான் இடம். அதோடு, நீதிமன்றத்தில் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில், குருந்தாசலம் தூக்குப்போசியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். படி ஏறுனா மயக்கம் வருது, வண்டி தள்ளுனா மூச்சு வாங்குதுங்ணா, கொஞ்ச நாளைக்கு ஒதுங்கி இருந்தாத்தான் என்னங்ணா என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. இப்ப நீ ஒதுங்குனயின்னா அவன் எழுதுனது நெசம்னு ஆயிரும், இன்னும் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இரு என்றார் வெள்ளிங்கிரி. சரிங்ணா என்றான். அவ்வளவுதான். போசியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். பதினோராம் நாள் பகல் ஷிப்டில் பாபின் வண்டியைத் தூணுக்குப் பக்கத்தில் திருப்பும்போது விழுந்தான். அறுத்துப் பார்த்தால் அவர்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார்கள் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தைத் தூக்கி வந்தார்கள். போலீஸ் மூவாயிரம் பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சுடுகாட்டு ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஞானசிகாமணி நின்றார். எதற்கு வந்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை, யாரோ கல்லை எறிந்தார்கள். உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கவும் என்பதைச் சொல்லத்தான் வந்திருப்பாரோ. அடுத்த வாரம் வேலையை விட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். வெற்றி என்று நோட்டீஸ் போட்டார்கள்.

கதவு திறந்து இசைவாணி வந்தாள். கழுத்தோரம் பசை மினுங்கியது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். பின்னால் தமயந்தி, கையில் இரண்டு ஃபைல்.

"அப்பாரு, இனிமேல் கோகோ ஆடவே கூடாதாம். சும்மா நடக்கலாமாம். கெழவியாட்ட."

"ஆமா கண்ணு."

"எங்க டீமுக்குக் கேப்டன் நானு. நீங்க ஒரு நோட்டீஸ் போடுங்க. டாக்டர் ஒழிக, இசைவாணியை மறுபடி ஆட்டத்துல சேத்துன்னு. நான் வாசல்ல உக்காந்துக்கறேன், நீங்க மைக் புடிங்க."

தமயந்திகூடச் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறார். வெள்ளிங்கிரி சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரலுக்கு அடியில் துடித்தது, விட்டு விட்டு இல்லாமல் சீராகத்தான் துடித்தது, வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கையை விட்டுவிட்டுத் தாளை முழங்கால் மேல் நிமிர்த்தி வைத்தார். பதினொன்றரை. வரிசை எண் ஒன்று. எழுதத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏழாவது கட்டம் போதாமல் ஓரத்தில் இரண்டு வரி ஏறி எழுத வேண்டியிருந்தது.

டாக்டர் ரெஹானாவின் அறை சின்னது. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. தமயந்தியும் பெண்ணும் உட்கார, கனகராஜ் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கதவோரம் நின்றான். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே போன கண் திரும்ப மேலே வந்தது.

"ஐயா, இதை நீங்களே ஒரு தடவை சத்தமாப் படிச்சிருங்க. குடும்பத்துல ரெண்டு பேர் கேட்டுட்டு சாட்சிக் கையெழுத்துப் போடணும். இங்க அதுதான் வழக்கம். வீட்டுக்குப் போனதும் அப்படியெல்லாம் இல்லைன்னு ஆளுக்கொண்ணு சொல்லி, பரிசோதனைக்கு வராம நின்னுடறாங்க."

"நானும் போடணுங்ளா?" என்றான் கனகராஜ்.

"நீங்கதான் முக்கியமா."

வெள்ளிங்கிரி தாளை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தே படிங்கய்யா என்றாள் டாக்டர். அவருக்கு உட்கார்ந்து படித்துப் பழக்கம் இல்லை. மில் வாசலில் பெயர் படிப்பதற்கு ஒரு முறை உண்டு; வருடத்தைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், கூட்டம் முழக்கம் எழுப்புவதற்குத் தோதாக. கட்டம் பெயரில் தொடங்கினாலும் அவருக்கு வேறு மாதிரி படிக்க வராது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கினார்.

"மருத்துவர் யாராவது எச்சரித்தாரா. எச்சரித்தார். டாக்டர் ஞானசிகாமணி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று மாசி. இதயத்தில் சத்தம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கிழித்தவன் அண்ணன் வெள்ளிங்கிரி."

சாவி சுழல்வது நின்றது. "மாமா, யாரைச் சொல்றீங்க?" என்றான் கனகராஜ்.

வெள்ளிங்கிரி தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தமயந்தியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"முன்பே அறிகுறி இருந்ததா. இருந்தது. படியில் மயக்கம், வண்டி தள்ளினால் மூச்சு வாங்கல். அண்ணனிடம் சொன்னான். அண்ணன் வேலைக்குப் போகச் சொன்னான்."

"மாமா."

"கேளு மாப்ள. கேட்டுட்டுப் பையனுக்குப் போன் பண்ணு." குரல் உடையவில்லை, ஆனால் தேய்ந்திருந்தது, மைக் இல்லாமல் இவ்வளவு சின்ன அறையில் பேசுவது அவருக்குப் புதிது. "இறந்த விதம், இதயம் நின்று. வயது இருபத்தொன்று. உறவு, தம்பி."

கனகராஜ் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்திருந்தான். தமயந்தி ஃபைலை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தலையைத் தூக்காமலே தெரிந்தது. ஒரு கட்டம் மிச்சம். அந்த இடத்தில் நாற்பத்து மூன்று வருடமாக நாக்கு தானாகவே தியாகி என்று தொடங்கும். அதை விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு படிப்பது போல வெறும் பெயரை மட்டும் சொன்னார்.

"குருந்தாசலம்."